நீர் ஆமைக்கு எவ்வளவு பெரிய தொட்டி, எந்த பில்டர்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலங்கார மீன் கடைகளில் விற்கிற, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் பச்சைக் குட்டி ஆமையைப் பற்றித்தான் இந்தப் பக்கம். ரெட் இயர்ட் ஸ்லைடர் என்பது அதன் பெயர். சுருக்கமாக ஸ்லைடர் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் அதன் சொந்த இடம். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர் எழுதியவை. ஹீட்டர் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். கச்சான் காற்றையும் உவர்க் கிணற்றையும் பற்றி ஒரு வரி இருக்காது. அதனால் கேள்விகளை எங்கள் பக்கத்து நிலைமைக்கு ஏற்றபடி எடுத்திருக்கிறேன்.

கடைக்காரர் ஆமையோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொட்டி தந்தார். நடுவில் தென்னை மரம்கூட இருக்கிறது. அது போதாதா?

போதாது. குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் வழிக்குப் போதும், அவ்வளவுதான். கடையில் மூன்று சென்ரிமீற்றர் இருக்கும் ஸ்லைடர், பெண்ணாக இருந்தால் 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும். ஆண் சற்றுச் சிறியது, 20 சென்ரிமீற்றர் அளவில் நிற்கும். நன்றாகப் பார்த்தால் 20, 30 வருடம் உயிரோடு இருக்கும். பத்து வயதுப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய ஆமை, அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் இருக்கும். வாங்குவதற்கு முன் சொல்ல வேண்டிய விஷயம் இது. யாரும் சொல்வதில்லை.

சரி, எத்தனை லீற்றர் வேண்டும்? கணக்கு ஏதும் இருக்கிறதா?

வளர்ப்பவர்களிடம் பழகிப்போன ஒரு கணக்கு உண்டு: ஓட்டின் நீளத்தில் ஒரு அங்குலத்துக்குப் பத்து அமெரிக்கக் கலன். எங்கள் அளவில் ஒரு சென்ரிமீற்றருக்கு 15 லீற்றர். 20 சென்ரிமீற்றர் ஆணுக்கு 300 லீற்றர், 28 சென்ரிமீற்றர் பெண்ணுக்கு 420 லீற்றர். ஓட்டின் வளைவு மேல் நாடா வைத்து அளக்காதீர்கள். முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புவரை நேர்கோட்டில் அளக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. கணக்கு தண்ணீருக்கு, தொட்டிக்கு இல்லை. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 255 லீற்றர். ஆமை ஏறி வெளியே போகாமல் இருக்க மேலே இடம் விட்டு நிரப்பினால் 180 லீற்றர்கூட வராது. நாலுக்கு இரண்டுக்கு இரண்டு அடித் தொட்டி முழுக்கொள்ளளவில் 450 லீற்றர். முக்கால்வாசி நிரப்பினால் 340. அதாவது வளர்ந்த ஆணுக்குச் சரி, பெண்ணுக்கு அதுவும் பத்தாது.

லீற்றர் மட்டும் பார்த்தாலும் பிழைக்கும். உயரமாக, ஒடுக்கமாக இருக்கும் தொட்டியில் லீற்றர் இருக்கும், நீந்த இடம் இருக்காது. தொட்டியின் நீளம் ஆமை ஓட்டின் நீளத்தைப் போல நாலைந்து மடங்கும், அகலம் குறைந்தது இரண்டு மடங்கும் இருக்கட்டும்.

இப்போதைக்குச் சின்னது, வளர வளர மாற்றலாம் என்று நினைக்கிறேன்.

நினைப்பது சுலபம். இரண்டடித் தொட்டி, பிறகு மூன்றடி, பிறகு நாலடி என்று மூன்று தரம் காசு கொடுத்து, ஒவ்வொரு தரமும் அதற்கேற்ற பில்டரும் வாங்கி, கடைசியில் அதுவும் போதாமல் நிற்பவர்களே அதிகம். ஒரே தரத்தில் வளர்ந்த பெண் ஆமைக்கான அளவைக் கட்டிவிட்டு, குட்டி இருக்கும்வரை தண்ணீரைக் குறைத்து வைப்பது மொத்தத்தில் மலிவு. ஓடு 10 சென்ரிமீற்றர் ஆகும்வரை ஆணா பெண்ணா என்று சொல்வது கஷ்டம். அதன் பிறகு முன்கால் நகம் நீண்டு, வால் தடித்து நீளமாக வந்தால் ஆண். அதுவரை பெண் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

சின்னத் தொட்டியில் வைத்தால் ஆமையும் சின்னதாகவே நிற்கும் என்கிறார்களே?

நிற்காது. அழுக்குத் தண்ணீரிலும் குறைந்த சாப்பாட்டிலும் வளர்ச்சி பிந்தும், ஓடு கோணும், கண் வீங்கும். அதைப் பார்த்துத்தான் "சின்ன இனம்" என்று விற்கிறார்கள்.

கண்ணாடித் தொட்டியா, சீமெந்துத் தொட்டியா?

என்னைக் கேட்டால் கண்ணாடி கடைசித் தெரிவு. பார்க்க அழகு, ஆனால் ஆமையின் அளவுக்குப் போனால் 10 மில்லிமீற்றர் கண்ணாடி, மேல் பட்டி, இரும்பு ஸ்டாண்ட் என்று விலை ஏறிக்கொண்டே போகும். அதைவிடப் பெரிய குறை, அடியில் ஓட்டை இல்லை. வாரா வாரம் வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். இரண்டு மாதத்தில் அலுத்துவிடும். அலுத்த பிறகு ஆமை அழுக்கில் கிடக்கும்.

எங்கள் பக்கத்தில் வேறு நல்ல வழிகள் இருக்கின்றன. கிணற்றுக்கு இறக்கும் சீமெந்துக் கொட்டு ஒன்றை எடுத்து அடியை மூடிப் பூசினால் குளம் தயார். மூன்றடி விட்டக் கொட்டில் 40 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 250 லீற்றர். நாலடி விட்டம் கிடைத்தால் அதே உயரத்தில் 450க்கு மேல். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் பழைய பைபர் மீன் பெட்டியை விசாரித்துப் பாருங்கள். மூடி உடைந்து ஐஸ் நிற்காத பெட்டி மீன்காரருக்கு உதவாது, ஆமைக்கு நன்றாக உதவும். இரட்டைச் சுவர் என்பதால் வெயிலில் தண்ணீர் சட்டென்று சூடாகாது. எண்ணெயோ இரசாயனமோ வைத்த பீப்பாய் மட்டும் வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும்.

எதை எடுத்தாலும் அடியில் ஒன்றேகால் அங்குல பீ.வீ.சி. பைப்பும் ஒரு வால்வும் வையுங்கள். தொட்டியின் அடி அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவாக இருக்கட்டும். கழிவு அங்கே சேரும், வால்வைத் திறந்தால் அதுவே முதலில் போகும். பில்டரில் காசைக் கொட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். பைப்பின் வாயில் வலை இல்லாவிட்டால் குட்டி இழுபடும், அதையும் மறக்க வேண்டாம்.

புதுச் சீமெந்தில் காரம் அதிகம். நிரப்பி, மூன்று நாலு நாள் வைத்து, வடித்து, திரும்ப நிரப்பி, இப்படி இரண்டு மூன்று கிழமை ஊறவிட்ட பிறகுதான் ஆமையை இறக்க வேண்டும்.

மேல் மாடியில் வைக்கலாமா?

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 340 லீற்றர் தண்ணீரும் கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்ந்தால் அரைத் தொன்னுக்குக் கிட்ட வரும். சுவரோரமாக, கொங்கிறீற்று பீமுக்கு மேலே வரும்படி வைக்கலாமா என்று வீட்டைக் கட்டிய மேசனிடம் கேளுங்கள். பலகை மேசை, அலுமாரி மேலே எல்லாம் வேண்டவே வேண்டாம்.

முற்றத்தில் வைத்தால் என்ன பிரச்சினை?

நாலு பிரச்சினை: வெயில், மழை, நுளம்பு, களவு. களவு என்றால் மனிதர் மட்டுமில்லை. காகம் குட்டியைத் தூக்கும், நாயும் கபரகொய்யாவும் விடாது. மேலே வலைச் சட்டம் கட்டாயம்.

வெயிலைப் பற்றிச் சொன்னால், ஸ்லைடருக்குத் தண்ணீர் 24 முதல் 28 பாகை செல்சியஸ் இருந்தால் நல்லது. கச்சான் அடிக்கும் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மத்தியானம் வெளியே 34, 35 பாகை போகும். நிழலில்லாத சின்னத் தொட்டித் தண்ணீர் அதையும் தாண்டும். ஆமைக்கு ஒதுங்க இடமில்லாவிட்டால் செத்துவிடும். காலை வெயில் படட்டும், பத்து பதினொரு மணிக்கு மேல் மாமர நிழலோ கிடுகுப் பந்தலோ மூடட்டும். பெரிய தொட்டி இங்கே இன்னொரு வகையிலும் காப்பாற்றுகிறது: நிறையத் தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். ஹீட்டர் எங்கள் ஊருக்குத் தேவையில்லை. மார்கழி மழையில் ஒரு கிழமை வெயில் இல்லாமல் போனால் குட்டியை மட்டும் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டால் போதும்.

மழைதான் ஆமையைத் தொலைக்கும். எங்கள் வருட மழையில் பெரும்பகுதி ஒக்ரோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடும். ஒரே இரவில் தொட்டி நிரம்பி வழிந்தால் ஆமை வெள்ளத்தோடு போய்விடும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஒரு அடி சுவர், வழிந்தோட வலை போட்ட பைப், கட்டிய மூடி. தாழ்ந்த வளவு என்றால் தொட்டியைத் தரைக்கு மேலே கட்டுங்கள், குழி தோண்டாதீர்கள்.

நுளம்பு வேடிக்கையில்லை. டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்கு வருவார். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்கும் போடலாம். பில்டர் ஓடி மேல்தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தால் நுளம்பு முட்டையிடுவது குறைவு. குடம்பியைத் தின்னக் கொஞ்சம் கப்பி மீன் விடுங்கள். ஆமை சிலதைப் பிடித்துத் தின்னும், மிச்சம் பெருகும்.

எவ்வளவு ஆழம்? குட்டி மூழ்கிவிடாதா?

குறைந்தது ஓட்டு நீளத்தின் ஒன்றரை மடங்கு. மல்லாக்க விழுந்தால் திரும்பிக்கொள்ள அந்த ஆழம் வேண்டும். ஆழம் போதாத தண்ணீரில்தான் மல்லாந்து கிடந்து மூழ்கும். ஏறி உட்கார உலர்ந்த மேடை இருந்தால் குட்டிகூட ஒரு அடித் தண்ணீரில் பயமில்லாமல் நீந்தும்.

மீனுக்கு வைக்கும் பில்டரை ஏன் ஆமைக்கு வைக்கக்கூடாது?

ஆமை மீனைவிட நிறையத் தின்று நிறையக் கழிக்கிறது, சாப்பாட்டைக் கிழித்துச் சிதறடிக்கிறது. அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு கணக்கில் எடுக்க வேண்டும். 200 லீற்றர் தண்ணீருக்கு, மீன் தொட்டிக் கணக்கில் 400, 600 லீற்றருக்கு என்று விற்கும் பில்டர்.

ஏன் என்று விளங்க, பில்டர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். அழுக்கைத் தடுத்து வைப்பது பாதிதான். மற்றப் பாதியைச் செய்வது ஸ்பொஞ்சிலும் பில்டருக்குள் போடும் செராமிக் வளையங்களிலும் குடியேறும் பற்றீரியா. ஆமைக் கழிவிலிருந்து அமோனியா வரும். ஒரு கூட்டம் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது அவ்வளவு இல்லை. இந்தக் கூட்டம் முழுதாகக் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். நண்பரின் ஓடுகிற தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பொஞ்சை வாங்கி உள்ளே போட்டால் காலம் குறையும். ஸ்பொஞ்ச் தரும் நண்பரின் ஆமைக்கு நோய் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வெக்கையும் தண்ணீரும் இங்கே எதிராக வேலை செய்கின்றன. 30 பாகைத் தண்ணீரில் பீ.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) 7 என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே சூட்டில் பீ.எச். 8.2 என்றால் நூற்றில் 11 பங்கு. கடற்கரை மணல் கிணறுகளின் கடினமான தண்ணீர் பலதும் இந்தக் காரப் பக்கம்தான் சாயும். சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு, பற்றீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். ஆமை மூக்கால் மூச்செடுப்பதால் மீனைப்போல உடனே மிதக்காது. கண் வீங்கி, தோல் உரிந்து, ஓடு அழுகித்தான் காட்டும். "ஆமைக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

கடையில் நாலைந்து வகை இருக்கிறது. எதை எடுப்பது?

பக்கத்தில் தொங்கும் வகை ஆமைக்கு ஒத்துவராது. அது விளிம்புவரை தண்ணீர் நிற்கும் மீன் தொட்டிக்காகச் செய்தது. ஆமைத் தொட்டியில் தண்ணீர் கீழே நிற்கும். உறிஞ்சும் குழாய் எட்டாது, எட்டினாலும் அருவி மாதிரிக் கொட்டி இரவெல்லாம் சத்தம். காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக்குச் சரி. பெரிய ஆமை அதைப் பிய்த்துவிடும். உள்ளே மூழ்கும் சின்னப் பில்டரை முதல் வருடத்துக்கு வைக்கலாம், ஆனால் அடிக்கடி அடைக்கும்.

கண்ணாடித் தொட்டி என்றால் வெளியே தரையில் நிற்கும் கெனிஸ்டர் பில்டர்தான் நல்லது. உள்ளே இடம் அதிகம், தண்ணீர் மட்டம் பற்றிக் கவலையில்லை. விலை கூட. திறந்து மூடும் ரப்பர் வளையமும் உள்ளே சுழலும் காந்தக் காம்பும் தேய்ந்தால் இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டிய பில்டர், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரு நாள் உங்களைக் கைவிடும்.

சீமெந்துத் தொட்டிக்கும் பைபர் பெட்டிக்கும் வீட்டிலேயே செய்யும் வாளி பில்டர் போதும், பல கெனிஸ்டரைவிட நன்றாகவே வேலை செய்யும்.

வாளி பில்டர் எப்படிச் செய்வது?

கழுவிய 20 லீற்றர் வாளி ஒன்று, மூழ்கும் பம்ப் ஒன்று. வாளியைத் தொட்டிக்கு மேலே, உறுதியான பலகையில் வைக்கவும். தொட்டியின் அடியில் இருக்கும் பம்ப் அழுக்குத் தண்ணீரை ஏற்றும். பைப் வாளியின் அடிவரை இறங்கட்டும். தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறி வரும்போது முதலில் கரடான ஸ்பொஞ்ச், பிறகு மெல்லிய ஸ்பொஞ்ச், அதற்கு மேல் பற்றீரியாவுக்கான இடம். கடையில் விற்கும் செராமிக் வளையம் நல்லதுதான், ஆனால் வாளி நிறையப் போட விலை கட்டாது. உடைத்துக் கழுவிய கூரை ஓட்டுத் துண்டும், சட்டி தேய்க்கும் பிளாஸ்டிக் சுருளும் அதே வேலையைச் செய்யும். மேல் விளிம்புக்குக் கீழே பெரிய ஓட்டை போட்டு, உள்ளே ஏறும் பைப்பைவிட இரண்டு மடங்கு பருமனான பைப்பால் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி விடுங்கள். வெளியேறும் வழி ஒடுங்கினால் வாளி வழியும்.

ஒரு சின்ன வேலை இருக்கிறது, செய்யாமல் விடாதீர்கள். வாளிக்குள் இறங்கும் பைப்பில், வாளியின் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு சின்னத் துளை போடுங்கள். கரண்ட் போனதும் வாளித் தண்ணீர் முழுவதும் பம்ப் வழியாகத் திரும்பி ஓடுவதை அந்தத் துளை நிறுத்தும்.

மேல் தட்டில் கங்குன் தண்டு நாலைச் செருகிவிடுங்கள். வேர் நைத்திரேற்றை எடுத்து வளரும், இலையை ஆமைக்கே வெட்டிப் போடலாம். சிரட்டைக் கரி போடலாமா என்றும் கேட்பார்கள். எங்கள் நாடு சிரட்டையிலிருந்து செயலூட்டிய கார்பன் செய்து உலகத்துக்கு விற்கிறது, உண்மைதான். ஆனால் அடுப்பில் எரிந்து மிஞ்சிய கரி அது இல்லை. நிறத்தையும் மணத்தையும் அந்த அளவுக்கு இழுக்காது.

பம்பில் மணித்தியாலத்துக்கு 1000 லீற்றர் என்று இருக்கிறது. நம்பலாமா?

உயரம் ஏற்றாமல், அழுக்கு இல்லாமல், பைப் இல்லாமல் அளந்த எண் அது. மூன்றடி ஏற்றி ஸ்பொஞ்ச் வழியாக விட்டால் பாதி வந்தாலே சந்தோசம். ஒரு லீற்றர் போத்தல் எத்தனை செக்கனில் நிரம்புகிறது என்று பாருங்கள்: ஆறு செக்கன் என்றால் மணிக்கு 600 லீற்றர். தொட்டித் தண்ணீர் முழுதும் மணிக்கு நாலைந்து தரம் பில்டருக்குள் போய் வந்தால் போதும். குட்டியை அடித்துத் தள்ளும் வேகம் வேண்டாம். வெளிவாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினால் சரியாகிவிடும்.

கிணற்றுத் தண்ணீரா, பைப் தண்ணீரா?

இரண்டும் விடலாம். மட்டக்களப்புக்கு உன்னிச்சைக் குளத்திலிருந்தும், அம்பாறைக்கும் அதன் கரையோரத்துக்கும் கொண்டவட்டுவானிலிருந்தும் சுத்திகரித்து வரும் பைப் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆமையைக் கொல்லாது, பில்டருக்குள் இருக்கும் பற்றீரியாவைக் கொல்லும். திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வெயிலில் வைத்தாலோ, மீன் கடையில் கிடைக்கும் அன்ரி குளோரின் துளி சேர்த்தாலோ போதும்.

கிணற்றில் குளோரின் இல்லை, வேறு இருக்கலாம். வீடுகள் நெருக்கமாக இருக்கும் கரையோர ஊர்களில் மலசலக் குழிக்குப் பக்கத்துக் கிணற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே ஏறியிருக்கும். மருந்துத் துளி போட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்றால் தொட்டியை அளப்பதற்கு முன் கிணற்றை அளந்து பாருங்கள். அமோனியா சைபர், நைத்திரைற்று சைபர், நைத்திரேற்று 40 மி.கி./லீக்குக் கீழே, இதுதான் தொட்டிக்கான இலக்கு. கிணறே 40ல் நின்றால் எத்தனை தரம் மாற்றியும் பிரயோசனமில்லை. லேசான உவர் ஆமைக்குத் தாங்கும். வாயில் வைக்க முடியாத உப்பு வேண்டாம்.

நல்ல பில்டர் இருந்தால் தண்ணீர் மாற்றத் தேவையில்லைதானே?

தேவை. நைத்திரேற்றைச் சாதாரண பில்டர் எடுக்காது, அது சேர்ந்துகொண்டே போகும். கிழமைக்கு ஒரு தரம் கால்வாசி. 400 லீற்றர் தொட்டியில் அது நூறு லீற்றர், பத்து வாளி. அடியில் வால்வு வைக்கச் சொன்னது இதற்காகத்தான். திறந்துவிட்டால் வாழைக்கும் தென்னைக்கும் உரத்தண்ணீராகப் போகும். வல்லாரை, பச்சைமிளகாய், சலாட் போன்று பச்சையாகத் தின்னும் பயிர்களுக்கு விடவேண்டாம். ஆமையில் சல்மொனெல்லா இருக்கும். பிள்ளைகள் வாயில் வைப்பார்கள் என்று பயந்துதான் அமெரிக்காவில் 1975இலேயே நாலு அங்குலத்துக்குச் சிறிய ஆமை விற்கத் தடை போட்டார்கள். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், தொட்டிச் சாமான்களைக் குசினியில் கழுவக்கூடாது.

பில்டரை எப்போது, எப்படிக் கழுவுவது?

ஓட்டம் குறையும்போது. நாட்காட்டி பார்த்து அல்ல. வடித்தெடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பொஞ்சைப் பிழிந்து எடுங்கள். வளையங்களையும் ஓட்டுத் துண்டுகளையும் லேசாக அலசினால் போதும், அதுவும் ஸ்பொஞ்ச் கழுவிய நாளில் வேண்டாம். பளிச்சென்று பைப் தண்ணீரில் எல்லாவற்றையும் தேய்த்தால் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

கரண்ட் போனால்?

ஒன்றிரண்டு மணி நேரம் பயமில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வெட்டினார்கள், அப்படியானால் கதை வேறு. மூடிய கெனிஸ்டருக்குள் தேங்கிய தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா செத்து நாறும். நாலைந்து மணி தாண்டினால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாமல் திறந்து, தேங்கிய தண்ணீரைக் கொட்டி, அலசிவிட்டுப் பூட்டுங்கள். வாளி பில்டரில் மூடி இல்லை, மேலே காற்றுப் படுகிறது; ஓரளவு தாங்கும். அன்று சாப்பாடு போடாதீர்கள்.

கரண்ட் பற்றி இன்னொன்று: தண்ணீருக்குள் 230 வோல்ற் போகிறது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வயரிங் வீட்டில் முதலில் அதைப் பொருத்துங்கள். வயர் பிளக்குக்கு ஏறும் முன் கீழே வளைந்து தொங்கட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கை விடும்போது பிளக்கைக் கழற்றுங்கள்.

பில் எவ்வளவு ஏறும்?

20 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் மாதம் 14 யூனிட், 40 வாட் என்றால் 29 யூனிட். யூனிட் படிநிலையில் அடுத்த கட்டத்துக்குத் தள்ளினால் மொத்த பில்லும் ஏறும். இராத்திரியில் நிறுத்தி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்; பற்றீரியாவுக்கு இராத்திரியும் மூச்சு வேண்டும்.

தண்ணீர் பச்சையாகிறது. பில்டர் போதாதா?

பச்சை என்றால் வெயில் கூட, பாசி. பில்டரால் போகாது, நிழல் போடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் புதுத் தொட்டி இன்னும் பழகவில்லை, அல்லது சாப்பாடு கூடிவிட்டது. நாற்றம் என்றால் எங்கோ மீன் துண்டு அழுகுகிறது. வேறொரு பேசினில் வைத்துச் சாப்பாடு கொடுத்துவிட்டு அரை மணித்தியாலத்தில் திருப்பி விட்டால் பில்டருக்குப் பாதி வேலை குறையும்.

அடியில் கல், மணல்?

வெறும் அடிதான் சுத்தம். சின்னக் கல்லை ஆமை விழுங்கும், குடல் அடைக்கும். ஆசைக்கு என்றால் அதன் தலையைவிடப் பெரிய கல் நாலு வையுங்கள்.

இரண்டு ஆமை வைக்கலாமா? தனியாக இருந்தால் பாவம் இல்லையா?

ஆமைக்குத் தனிமை பாவமில்லை. இரண்டு ஆண் கடிபடும், ஆணும் பெண்ணும் என்றால் ஆண் பெண்ணை நிம்மதியாக விடாது. வைத்தே ஆகவேண்டுமானால் இரண்டாவதுக்கு இன்னும் பாதித் தண்ணீராவது கூட்டி, ஏறும் மேடையும் இரண்டாக வையுங்கள்.

வயலில் பிடித்த ஆமைக்கும் இதே தொட்டி சரியா?

அதைத் தொட்டியில் வைக்கவே கூடாது. கல்லோயா வாய்க்கால் பாயும் சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களிலும் படுவான்கரைக் குளங்களிலும் கிடைப்பவை எங்கள் நாட்டுக் கறுப்பு ஆமையும் பால் ஆமையும். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அவற்றைக் காக்கின்றன. எடுத்த இடத்திலேயே விடுங்கள். காயப்பட்டிருந்தால் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

ஸ்லைடரை வளர்க்க முடியவில்லை. வாவியில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமே?

பிழைக்கும், அதுதான் பிரச்சினை. லேசான உப்புத் தண்ணீரையும் தாங்கும் ஆமை இது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இறக்குமதியை நிறுத்தியது. எங்கள் கறுப்பு ஆமையின் இடத்தையும் சாப்பாட்டையும் பிடிக்கும், நோயையும் கொடுக்கும். வாவி, குளம், வாய்க்கால், கோயில் கேணி எதுவும் வேண்டாம். பெரிய தொட்டி உள்ள வேறு ஆளைத் தேடுங்கள், வாங்கிய கடையில் கேளுங்கள். கிடைக்கும்வரை உங்கள் பொறுப்பு.

பத்து நாள் வீட்டில் ஆளில்லை. என்ன செய்வது?

வளர்ந்த ஆமை ஒரு கிழமை சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. குட்டிக்குத்தான் ஆள் வேண்டும். போகும் முதல் நாள் தண்ணீர் மாற்றி, ஸ்பொஞ்சைப் பிழிந்து விடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்காதீர்கள், பாவம் பார்த்து அள்ளிப் போடுவார்கள். ஆமையின் தலையளவு உணவைத் தனித்தனிக் கடதாசியில் மடித்து, எந்த நாள் எது என்று எழுதிக் கொடுங்கள். பம்ப் ஓடுகிறதா என்று காலையில் ஒரு தரம் எட்டிப்பார்க்கச் சொன்னால் போதும்.